காவல் உத்தியோகம்

பீல், சுவிஸ்
6 ஒக்டோபர் 1985

ஞானம்,

இந்தக் கடிதத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகத் தொடங்கித் தொடங்கிக் கிழித்திருக்கிறேன். சொல்லாமல் புறப்பட்டுப் போய், எட்டு மாதத்தில் ஒரேயொரு தபாலட்டை போட்டவன் இப்போது நீட்டி எழுத வந்துவிட்டானே என்று நீ நினைப்பாய். நினைக்கத்தான் வேண்டும். அந்த அட்டையில் ‘சுகமாக வந்து சேர்ந்தேன்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை.

பீல் என்பது மணிக்கூடு செய்யும் ஊர். பாதிப் பேர் ஜெர்மன் பேசுகிறார்கள், பாதிப் பேர் பிரெஞ்சு. எனக்கு இரண்டும் விளங்காதபடியால் எல்லோரையும் ஒரேமாதிரிப் பார்த்துச் சிரிக்கிறேன். ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவுகிறேன். அறையில் கூட இருப்பவர் உரும்பிராய்க் குணசேகரம் அண்ணை. நல்ல மனிதர், குறட்டை மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஊருக்குப் பக்கத்தில் பெரிய ஏரி. ஞாயிறுகளில் குணசேகரம் அண்ணையின் சைக்கிளை இரவல் வாங்கி அதன் கரையோடு மற்ற அந்தம்வரை போவேன். அங்கே ஏரிக்குள் நாக்கு மாதிரி ஒரு தரை நீண்டு கிடக்கிறது. இரண்டு பக்கமும் நாணல், நடுவில் ஒற்றைப் பாதை, முடிவில் ஒரு தீவு. ஒரு மணித்தியாலம் நடக்கலாம். முதல்நாள் அதில் கால் வைத்தபோது எனக்குக் கால் நகரவில்லை. எங்கள் நீட்டுமணலில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. இங்கே இரண்டு பக்கமும் ஏரி. உப்பு மணம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். கொண்டை வைத்த பெரிய முக்குளிப்பான் ஒன்று என்னைப் பார்த்துவிட்டு மூழ்கி, நான் மறந்துபோன பிறகு வேறோர் இடத்தில் வந்து எழும்பியது.

இதுவும் பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம்தான். ஆனால் என்னைப்போல் ஒருவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு காவல் நிற்பதில்லை. பாதையை விட்டு இறங்காதே என்று ஒரு பலகை நிற்கிறது, அவ்வளவுதான். பலகைக்கு எல்லோரும் அடங்கி நடக்கிறார்கள். எட்டு வருடம் தொண்டை கிழியக் கத்திய எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தலைநகர் பேர்ணிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் ஆட்கள் அதை ‘நெகட்டிவ்’ என்பார்கள். அடைக்கலம் இல்லை, திரும்பிப் போ என்று அர்த்தம். காரணம் கேட்டால் சிரிப்பாய். நான் பொலிஸ்காரனாம். அரசாங்கத்தின் பொலிஸ்காரனுக்கு அரசாங்கத்தால் என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறார்கள்.

விசாரணைக்கு மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். அன்பான மனிதர், தன் காசில் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார். “என்ன வேலை பாத்தீங்க?” என்று கேட்டார். “அரசாங்கக் காவல் உத்தியோகம்” என்றேன். “காவல்துறையா?” என்றார். துறை என்றதும் எனக்கு நீட்டுமணல் முனையில் வள்ளம் கட்டுகிற துறைதான் நினைவில் வந்தது. “ஓம், துறையிலயும் நிண்டனான்” என்று சொன்னேன். போதாக்குறைக்குக் காக்கிச் சட்டையும் இடுப்புப் பட்டியுமாக நான் நிற்கிற படத்தையும் எடுத்துக் காட்டினேன். அவர்கள் ஊரில் காவல்துறை என்றால் பொலிஸ் என்பது அறைக்கு வந்து சொன்ன பிறகு குணசேகரம் அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு சட்டத்தரணி அம்மா எனக்காக மேல்முறையீடு போட்டிருக்கிறா. ஜனவரி கடைசிக்குள் நான் பறவைக் காவலன்தான் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டுமாம். இல்லாவிட்டால் விமானம் ஏற்றிவிடுவார்கள். சரணாலயக் கந்தோர் பூட்டிக் கிடக்கிறதாம், மேலதிகாரி உருத்திரமூர்த்தி ஐயா மாற்றலாகி எங்கே போனார் என்றே தெரியவில்லை. மிச்சம் இருப்பது நான் பறவைகளை எண்ணி எழுதிய சி.ஆர். கொப்பி மட்டும்தான். பச்சை மட்டை, அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். அதை அனுப்புவாயா?

ஏன் சொல்லாமல் வந்தேன் என்பதை இதில் எழுத முடியாது. கடிதங்களை வழியில் உடைத்துப் பார்க்கிறார்கள்.

நித்தியானந்தன்


சுண்டிக்குளம்
2 நவம்பர் 1985

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

காவல் உத்தியோகம் என்று சொன்னீர்களாம். பாவம் அந்தத் தமிழ்நாட்டுக்காரர், அவரைக் குறை சொல்லாதீர்கள். இதே சொல்லைத்தான் எங்கள் அப்பாவுக்கும் தரகர் சொன்னார். “மாப்பிள்ளைக்கு அரசாங்கக் காவல் உத்தியோகம்” என்று கேட்டதும் அப்பா ஊர் முழுக்க மருமகன் பொலிஸ் என்று சொல்லிவிட்டார். கலியாணத்தன்று உங்கள் பெட்டிக்குள் இருந்து ஒரு பைனாகுலரும் இரண்டு பை சிப்பியும் வந்ததைப் பார்த்து என் சித்திமார் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. குருவிக்காரன் பெண்சாதி என்று ஏழு வருடமாகப் பேர் எடுத்தவள் நான். அப்போதே குருவி எண்ணுகிற ஆள் என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் அப்பாவும் ஏமாந்திருக்க மாட்டார், சுவிஸ்காரரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு அது கௌரவக் குறைவு. அந்தக் கௌரவம்தான் இன்றைக்கு உங்களை விமானத்தில் ஏற்றப் பார்க்கிறது.

காக்கிச் சட்டைகள் இரண்டையும் எரித்துவிட்டேன். வீட்டில் காக்கி இருந்தால் இரண்டு பக்கத்தாருக்கும் பதில் சொல்ல வேண்டும். பட்டியின் பித்தளை எரியவில்லை, அதைக் களப்பில் எறிந்தேன்.

நீங்கள் போன பிறகு ஆமி முகாமில் இருந்தும் வந்து கேட்டார்கள், பெடியன்களும் வந்து கேட்டார்கள். எங்கே என்றால் தெரியாது என்றேன். நம்பினார்கள். அழுகிற ஆளை யாரும் நம்புவார்கள்தானே. பக்கத்து வீட்டு இரத்தினம்மாதான் சும்மா விடுகிறாள் இல்லை. “உன்ரை மனிசன் கடலால போனவனோ, வானத்தால போனவனோ?” என்று கிணற்றடியில் வைத்துக் கேட்கிறாள். நானும் இறால் கூடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இங்கே மழை பிந்தி, ஊசிவால் தாரா முந்தி வந்துவிட்டது.

கொப்பி கேட்டீர்கள். கொப்பி இருக்கிறது. தர மாட்டேன்.

ஞானேஸ்வரி


பீல்
24 நவம்பர் 1985

அன்புள்ள ஞானம்,

உன் கடிதத்தைக் குணசேகரம் அண்ணைக்குப் படித்துக் காட்டினேன். பித்தளைப் பட்டி இடத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கடைசி வரி வரைக்கும்.

இந்தக் கடிதத்தை யாழ்ப்பாணம் போகிற ஒரு பாதிரியார் கையில் கொடுத்து விடுகிறேன். யாரும் உடைக்க மாட்டார்கள், ஆகவே திறந்து எழுதுகிறேன்.

பெப்ரவரி முதல் கிழமை முகாமில் இருந்து ஒருவர் மணலுக்கு வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். நாள் முழுக்க இங்கேதானே நிற்கிறாய், எந்த வள்ளம் எப்போது வருகிறது என்று எங்களுக்குச் சொல்லிவிடு என்றார். மூன்றாம் நாள் இயக்கப் பெடியன்கள் வந்தார்கள். அவர்களும் மரியாதைதான். “அண்ணை, ஆமியின்ரை போட் தெரிஞ்சா எங்களுக்குச் சொல்லுங்கோ” என்றார்கள். எண்ணிச் சொல்வது என் வேலைதான், ஞானம். ஆனால் ஆட்களை எண்ணிச் சொல்ல நான் வேலைக்குச் சேரவில்லை. ஒருவருக்குச் சொன்னால் மற்றவர் சுடுவார். இருவருக்கும் சொல்லாவிட்டால் இருவரும் சுடுவார்கள். இரண்டு பக்கமும் எனக்குப் பதினோராம் திகதி வரை தவணை தந்திருந்தார்கள்.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம், உனக்குப் பொய் சொல்ல வராது என்பதுதான். தெரியாது என்று நீ சொன்னால் அது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். பைனாகுலரைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன், அதைப் பார்த்தால் உனக்கு விளங்கும் என்று.

இங்கே இப்போது மூடுபனிக் காலம். போன ஞாயிறு தரைநாக்கில் நடந்தேன். முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி, அதற்கு மேல் உலகம் இல்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நாணலுக்குள் தாராக்கள் தங்களுக்குள் மெல்லக் கதைக்கிற சத்தம் மட்டும் கேட்டது, அடுத்த அறையில் ஆட்கள் கதைப்பதுபோல. நான் எந்த நாட்டில் நடக்கிறேன் என்பது மறந்துபோனது. இப்படியே நடந்தால் கடைசியில் எங்கள் வேலிப் படலை வரும், நீ தையல் மெஷினை மிதித்துக்கொண்டு இருப்பாய் என்று நிச்சயமாக நம்பினேன். நம்பிக்கொண்டே நடந்தேன். தீவு வந்தது. பூட்டிக் கிடந்த ஒரு ஹோட்டல் வந்தது. திரும்பி வந்தேன்.

திரும்புகிற வழியில் பனி கொஞ்சம் விலகி, ஓர் ஊசிவால் தண்ணீரில் இருந்தது. கழுத்தில் அந்த வெள்ளைக் கோடு. உன்னிடம் வருகிற கூட்டத்தில் வழி தவறியது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி இல்லை, எங்களிடம் வருபவை சைபீரியாப் பக்கம், இவை வேறு கூட்டம் என்று உருத்திரமூர்த்தி ஐயா சொல்லித் தந்திருக்கிறார். தெரிந்தும் நினைத்தேன்.

அது சரி, உனக்கு ஊசிவால் எப்படித் தெரியும்? காகத்தையும் கொக்கையும் தவிர எல்லாவற்றையும் ‘உங்கட குருவி’ என்று சொல்கிறவள் அல்லவா நீ?

கொப்பியை ஏன் தர மாட்டாய்? என் மேல் கோபம் என்றால் அது நியாயம். ஆனால் அது இல்லாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்புவார்கள், வந்தால் முதல் கிழமைக்குள் முடிந்துவிடுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஞானம். பாதிரியார் ஜனவரி முதல் கிழமை திரும்புகிறார். மனம் மாறினால் அவரிடம் கொடு.

நித்தி


சுண்டிக்குளம்
20 டிசம்பர் 1985

அன்புள்ள உங்களுக்கு,

பைனாகுலரைப் பார்த்தால் எனக்கு விளங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு என்ன விளங்கியது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டாரே, அது இல்லாமல் என்ன எண்ணப் போகிறார் என்று நினைத்தேன். அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். நீட்டுமணல் தொடக்கத்தில் உங்களைக் காணவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் இருப்பார் என்று நடந்தேன். அந்த இரண்டரை மைலும் நடந்தேன். ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் பைனாகுலரைக் கண்ணில் வைப்பேன். அது கூழைக்கடாவாக இருக்கும். வேறொன்று தெரியும், அது சாம்பல் நாரையாக இருக்கும். முனையில் துறையில் நின்று களப்புப் பக்கம் பார்த்தபோது, பூநாரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. தண்ணீர் முழுக்க ரோசாப்பூ நிறம். நான் அப்படிப் பார்த்தது கிடையாது. உங்களோடு ஏழு வருடம் இருந்தும் ஒருநாளும் உங்களுடன் அதுவரை வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அழகு எனக்குப் பிடிக்கவேயில்லை. நீங்கள் இல்லாமல் அது ஏன் அவ்வளவு அழகாக இருக்க வேண்டும்?

பொழுதுபடும் முன் வீட்டுக்கு வந்து உங்கள் கொப்பியை எடுத்தேன். அன்றைய திகதியைப் போட்டேன். கண்டதை எல்லாம் எழுதினேன். உங்களைத் தேடிப் போனவள் வேறு எதைக் கொண்டுவர முடியும்?

பிறகு மார்ச் முதலாம் திகதி வந்தது. நீங்கள் மாதம் இரண்டு முறை எண்ணுகிற நாள். வீட்டில் இருக்க முடியவில்லை. போனேன். பதினைந்தாம் திகதியும் போனேன். உங்களைப் போலவே பத்துப் பத்தாகப் பிடித்து எண்ணினேன், பிடிக்கு ஒரு சிப்பியை மடியில் போட்டேன். பெயர் தெரியாதவற்றை உங்கள் பழைய படப் புத்தகத்தில் பார்த்துப் பிடித்தேன். ஆனி மாதம் ஆலா மணலில் முட்டை இட்டது, முட்டை பொறுக்க வந்த இரண்டு பேரைக் கத்தித் துரத்தினேன். எனக்கு நல்ல தொண்டை என்று இரத்தினம்மா சொல்கிறாள். ஏப்ரலில் உருத்திரமூர்த்தி ஐயா கணக்கு எடுக்க வந்தார். எழுத்து மாறியிருப்பதைப் பார்த்தார், அப்படியே தன் தாளில் எழுதிக்கொண்டு போனார்.

இதுதான் கொப்பியைத் தர மாட்டேன் என்றதன் காரணம். கோபமும் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும். ஆனால் கோபத்தைவிட, அதைக் கொடுத்துவிட்டால் முதலாம் திகதி நான் எங்கே போவேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினீர்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு வரியைப் பெப்ரவரியில் சொல்லியிருந்தால் நான் உங்களுக்குச் சோறு கட்டித் தந்து அனுப்பியிருப்பேன். பொய்யும் சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் வராது என்று உங்களுக்கு யார் சொன்னது?

கொப்பி பாதிரியாரிடம் கொடுத்தாகிவிட்டது. பின்பாதி என் எழுத்து. அதைப் பார்த்துவிட்டு அந்தக் கந்தோர்க்காரர்கள் முழுக்கக் கள்ளம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என் பக்கங்களைக் கிழித்துவிட்டு அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கை வரவில்லை. தேவையென்றால் நீங்கள் கிழியுங்கள். நான் மருதங்கேணியில் புதிதாக ஒரு கொப்பி வாங்கிவிட்டேன்.

ஞானம்


பீல்
2 மார்ச் 1986

என் ஞானத்துக்கு,

கிடைத்துவிட்டது. அடைக்கலம் தந்துவிட்டார்கள். பெண்சாதியும் வரலாம் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

ஜனவரி இருபத்தெட்டாம் திகதி பேர்ணில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தமுறை மொழிபெயர்க்க வந்தது எங்கள் பக்கத்துப் பிள்ளை, ஜெயந்தி என்று பெயர். என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். எட்டு வருடமாக என் வாயில் வராத சொல் அன்றைக்கு வந்தது. “நான் குருவி எண்ணிறவன், பொலிஸ் இல்லை” என்றேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அப்படியே சொன்னது.

சட்டத்தரணி அம்மா, ஏரியில் பறவைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு தாடிக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இலக்கம் தெரியும். கொப்பியை நிறையப் புரட்டிப் பார்த்தார். பெரிய தொகை எல்லாம் சைபரில் முடிகிறது, சின்னத் தொகை மட்டும் ஒன்பது, பதின்மூன்று என்று இருக்கிறது, ஏன் என்று கேட்டார். நான் கையை நீட்டி, கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிடிக்கிற விதத்தைக் காட்டினேன். அவரும் எழும்பித் தன் கையை அதேமாதிரி நீட்டினார். நாங்களும் இப்படித்தான், பொய் எழுதுகிறவன் நானூற்று முப்பத்தேழு என்று துல்லியமாக எழுதுவான் என்று அதிகாரிக்குச் சொன்னார்.

நீ பயந்ததுபோல அதிகாரி இரண்டாவது எழுத்தைப் பிடித்துக்கொண்டார். இது யார்? என் மனைவி. இவருக்குச் சம்பளம் உண்டா? இல்லை. அப்படியானால் ஏன் எழுதினார்? நான் கொப்பியை அவர் பக்கம் தள்ளினேன். நீயே வாசி என்று அவர் ஜெயந்தியிடம் கொடுத்தார்.

ஞானம், நான் உன் பக்கங்களை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். தொகைகளைத்தான் பார்த்தேன், சரியாக இருக்கிறதா என்று. கடைசிக் கட்டத்தைப் பார்க்கவில்லை. ‘ஆள்’ என்று தலைப்புப் போட்டு நான் கோடு கீறி வைத்த கட்டம். வேட்டைக்கும் முட்டைக்கும் வருகிற கள்ளர்களைக் குறிப்பதற்காகப் போட்டது. ஜெயந்தி வாசித்தது. பெப்ரவரி பதினொன்று, பூநாரை நானூற்று முப்பது, கூழைக்கடா ஒன்பது, ஆள் இல்லை. மார்ச் ஒன்று, பூநாரை அறுநூற்றுப் பத்து, ஆள் இல்லை. ஆனியில் முட்டைக் கள்ளர் இரண்டு பேரைத் துரத்திய அன்றைக்கும் ஆள் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறாய். இருபத்தொரு தடவை எண்ணியிருக்கிறாய், இருபத்தொரு இடத்திலும் அதுதான். பாதியில் அந்தப் பிள்ளை கொப்பியை மேசையில் கவிழ்த்து வைத்தது. அதிகாரி போதும் என்று கையைக் காட்டினார். நான் அங்கேயே இருந்து அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை.

முகாம்காரரையும் பெடியன்களையும் பற்றிப் பிறகு கேட்டார்கள், சொன்னேன். நம்பினார்கள். ஆனால் என்னை நம்ப வைத்தது என் எழுத்து இல்லை.

கொழும்பில் சுவிஸ் தூதுவராலயத்துக்குப் போ. பெயரைச் சொன்னால் தாள் அங்கே இருக்கும். இந்தக் கிழமையே புறப்படு. ஒரு நாளும் பிந்தாதே. இங்கே குளிர் குறைந்துவிட்டது, ஏரியில் முக்குளிப்பான்கள் சோடி சேர்ந்து ஒன்றையொன்று பார்த்துத் தலை ஆட்டிக்கொண்டிருக்கின்றன. நான் ஒரு தனி அறை பார்த்திருக்கிறேன். யன்னலால் ஏரி தெரியாது, பேருந்து நிலையம்தான் தெரியும். உனக்குப் பிடிக்காமல் போகலாம். வந்து திட்டு.

நித்தி


சுண்டிக்குளம்
23 மார்ச் 1986

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

இந்தக் கிழமையே வா என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வரவில்லை. கோபப்படாமல் மிச்சத்தையும் வாசியுங்கள்.

ஊசிவால்கள் இன்னும் போகவில்லை. பகலில் களப்பில் இருக்கின்றன. பொழுதுபடுகிற நேரம் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் திரும்பவும் இறங்குகின்றன. ஏப்ரல் முதல் கிழமைதான் போகும் என்று உங்கள் எழுத்திலேயே எட்டு வருடமும் இருக்கிறது. ஏப்ரல் பதினைந்து எண்ணிக்கையில் சைபர் என்று எழுதிவிட்டுக் கொப்பியை மூடுவேன். பாதியில் விட்டுவிட்டு வந்தால் எனக்கு அங்கே நித்திரை வராது. இது உங்களால் வந்த வருத்தம், நீங்கள்தான் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு எண்ண இரத்தினம்மாவைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஊசிவாலும் ஒன்றுதான், வீட்டுத் தாராவும் ஒன்றுதான். ஆனால் கத்துவதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

நேற்று அவளோடு முனைவரை போனேன். காற்று இல்லை. கடலும் களப்பும் ஒரே நிறத்தில் கிடந்தன, நடுவில் மணல் மட்டும் மிதக்கிறமாதிரி இருந்தது. இந்த மணல் இப்படியே நீண்டு போய் உங்கள் ஏரிக்குள் முடிகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அந்த நேரம் நம்பியிருப்பேன். இரத்தினம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தூதுவராலயத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஏப்ரல் இருபதாம் திகதி கொழும்புக்குப் புறப்படுகிறேன்.

நாளை முதல் வீடு வீடாகப் பயணம் சொல்லி விடைபெறத் தொடங்குகிறேன். எங்கள் ஊரில் இருந்து ஆரம்பித்துக் கட்டைக்காடு வரை ஒரு வீடும் விடப் போவதில்லை. உங்கள் பயணத்தையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். “அவர் போன வருசம் வெளிக்கிட்டவர், சொல்லச் சொல்லி என்னட்டை விட்டிட்டுப் போனவர், நான்தான் பிந்திப் போனன்” என்று சொல்லுவேன். எனக்குப் பொய் வருமா வராதா என்று ஊருக்குத் தெரியட்டும்.

உங்கள்
ஞானம்